லாமாராவின் முதல் அபராதம்

சலியேத்தி கிராமத்திலிருந்து தலைநகர் திபிலிசிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் என்று மைல்கல் சொல்லும். லாமாரா அந்தத் தூரத்தை அப்படி அளந்ததில்லை. அவளுக்கு அது பதினோரு நிறுத்தம். பதினோரு இடத்தில் போக்குவரத்துப் போலீஸின் வரிபோட்ட தடி ஒன்று சாலையோரத்திலிருந்து நீளும், அவளுடைய பழைய நிவா வண்டி ஓரம் கட்டும், சன்னல் கண்ணாடி இறங்கும், ஒரு சீஸ் கட்டி கை மாறும். நாற்பது கட்டியோடு வீட்டை விட்டால் சந்தையில் இறக்கும்போது இருபத்தொன்பது இருக்கும். கடைசி நிறுத்தத்து ஆளுக்குப் பசி அதிகமென்றால் இருபத்தெட்டு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த நாற்பதில் சாலைக்கென்றே சிலதைத் தனியாகச் செய்வாள். ஆடையெடுத்த பால், கூடுதல் உப்பு, கல் மாதிரி இறுக்கம். அவற்றைத் தனிப் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருப்பாள். ரிகோத்தி கணவாய்க்குக் கீழே, ஏழாவது வளைவில் நிற்கும் அம்புரோஸிதான் அதை முதலில் கண்டுபிடித்தான்.

"அக்கா, போன வாரக் கட்டி ஒரே உப்பு. என் பொண்டாட்டி மூணு தண்ணி மாத்தி ஊற வச்சா."

"நாலாவது தண்ணியும் மாத்தச் சொல்லு தம்பி. பக்கத்துலதான் ஆறு ஓடுதே."

"நல்ல கட்டியில ஒண்ணு எடு அக்கா."

"இன்னிக்கு நான் செஞ்ச குத்தம் என்னன்னு முதல்ல சொல்லு, அப்புறம் எடுக்கறேன்."

அம்புரோஸி வண்டியைச் சுற்றி வந்தான். ஒல்லி ஆள், சீருடைத் தொப்பி மட்டும் பெரிது. "டயர்ல சேறு."

"மழை பெஞ்சிருக்கு. சேறு இல்லாம சந்தனமா இருக்கும்?"

"அதான் அக்கா குத்தம்," என்று சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவன்மேல் அவளுக்கு முழுசாக வெறுப்பு வரவும் இல்லை. ஒரு பனிக்காலத்தில் வண்டி சறுக்கி நின்றபோது தோள் கொடுத்துத் தள்ளியவன் அவன்தான். தள்ளிக்கொண்டே மூச்சிரைக்கச் சொன்னான்: "எட்டு மாசமா சம்பளம் வரல அக்கா. இந்த வளைவை வாங்கறதுக்கு மாமனாரோட ரெண்டு மாட்டையும் வித்தேன். தெனம் சாயங்காலம் மேல இருக்கறவனுக்குப் பாதி குடுக்கணும். குடுக்கலன்னா வளைவு வேற ஆளுக்குப் போயிடும்." வளைவை வாங்குவதா என்று லாமாரா கேட்கவில்லை. நாட்டில் பள்ளிக்கூட வேலை, ஆஸ்பத்திரிப் படுக்கை, கல்லறையில் ஆறடி, எல்லாவற்றுக்கும் அப்போது ஒரு விலை இருந்தது. வளைவுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

சலியேத்தியில் பாலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு ஜுஜுனாவுக்கு இரண்டு கறவை மாடு. வீட்டுக்குப் போக மீந்த பாலைப் பன்றிக்கு ஊற்றிவிடுவாள். லாமாரா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள், பாலை எனக்குக் கொடேன், கட்டி போட்டு விற்றுத் தருகிறேன் என்று.

"எதுக்குடி? ரோட்டுக்குத் தீனி போடவா?" என்றாள் ஜுஜுனா. "என் பன்னியாவது தின்னுட்டு கொழுக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. கூடுதலாக எடுத்துப் போனால் கூடுதலாகக் கேட்பார்கள். வண்டி நிறைய சீஸ் இருப்பதைப் பார்த்துவிட்டால் ஒரு கட்டியோடு எவன் விடுவான்? ஆகவே லாமாரா நாற்பதைத் தாண்டவே இல்லை. அவள் கணவன் ஜெமால் குத்தாயிசி நகரத்து லாரித் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவன். தொழிற்சாலையை மூடியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு கடைசல் இயந்திரத்தைக் கொடுத்தார்கள். அது கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. ஊரில் பாதி வீடு பூட்டு. ஆட்கள் ருஷ்யாவிலும் துருக்கியிலும் கட்டட வேலையில்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் நவம்பரில் தலைநகரில் ஜனங்கள் கையில் ரோஜாவோடு தெருவில் இறங்கினார்கள். ஆட்சி மாறியது. சலியேத்தியில் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. தொப்பி மாறும், தலை மாறாது என்பது எல்லாருடைய அபிப்பிராயம். ஆனால் அடுத்த கோடையில் ஒரு நாள் ஜெமால் நிவாவின் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தான்.

"லாமாரா! ரோட்டுப் போலீஸ்காரங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்!"

"எல்லாரையுமா? எந்த ஜில்லாவுல?"

"நாடு பூரா. ஒரே நாள்ல. ஒருத்தன் பாக்கியில்ல."

"நீ குடிச்சிருக்கியா ஜெமால்?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் குடிக்கப் போறேன்."

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே லாமாரா கிளம்பினாள். நம்பிக்கையில்லாமல் சாலைப் பையையும் எடுத்துக்கொண்டாள். முதல் நிறுத்தத்தில் பழக்கத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. யாருமில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இல்லை. ஒளிந்திருந்து பிடிக்கிறார்களோ என்று புதரையெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். ஏழாவது வளைவில் மனசு கேட்காமல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். அம்புரோஸி உட்காரும் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சூரியகாந்தி விதைத் தோல், ஒரு குடம் அளவு இருக்கும். கீழே ஆற்றுச் சத்தம். இந்த இடத்தில் ஆற்றுச் சத்தம் கேட்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அம்புரோஸி!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மலை மட்டும் பதில் சொன்னது.

பிறகு அவள் வண்டியை ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, அது ஜெமாலுக்குத் தெரிய வேண்டாம். கணவாயின் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் பாட ஆரம்பித்தவள் திபிலிசிச் சந்தை வாசலில்தான் நிறுத்தினாள். மணி எட்டரை. வழக்கமாகப் பதினொன்றுக்கு வருவாள். அதற்குள் வெயிலில் கட்டிகள் வியர்த்துப் புளிப்பு வாடை எடுத்திருக்கும். இன்று ஈரத்துணியை விலக்கியதும் கட்டிகள் எல்லாம் அப்போதுதான் பிழிந்தெடுத்தவை போல வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. கச்சாபுரி என்ற சீஸ் ரொட்டி சுட்டு விற்கும் மாரோ என்ற பருத்த பெண் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். லாமாராவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இந்தக் கட்டிய எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"எல்லாம் அதே கட்டிதான். ரோட்டுல நிக்காம வந்திருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ அடுத்த வாரம் நூறு கொண்டா. எனக்கு மட்டும்."

பத்து மணிக்குப் பலகை காலி. மத்தியானம் வரை என்ன செய்வதென்று லாமாராவுக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கோன் ஐஸ் ஒன்று வாங்கித் தின்றாள். அது தீர்ந்ததும் இன்னொன்று. நாற்பத்தேழு வயதுப் பெண் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

ஊரில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. ஜுஜுனா மட்டும் அசையவில்லை. "பழையவங்க தின்னு ஓஞ்சவங்க. புதுசா வருவாங்க பாரு, அவங்க வயிறு காலி. உன் வண்டியையே தின்னுடுவாங்க."

புதியவர்கள் ஆகஸ்டில் வந்தார்கள். புதுக் கார், இஸ்திரி கலையாத நீலச் சட்டை. சாலையோரத்தில் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார்கள். லாமாரா அன்று எண்பது கட்டி ஏற்றியிருந்தாள். கணவாய்க்கு இந்தப் பக்கம் பின்னாலிருந்து விளக்கு மின்னியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஓரம் கட்டச் சொன்னது. 'சரி, முடிஞ்சுது நம்ம கதை,' என்று நினைத்துக்கொண்டே நிறுத்தினாள். இறங்கி வந்தவளுக்கு இருபத்துமூன்று வயதுகூட இருக்காது. சட்டையில் தேயோனா என்று பெயர் தைத்திருந்தது.

"வணக்கம்மா. உங்க வண்டியில இடப்பக்கப் பிரேக் விளக்கு எரியல."

லாமாரா பழக்கத்தில் இருக்கைக்கு அடியில் குனிந்தாள். சாலைப் பையை இப்போதெல்லாம் எடுத்து வருவதில்லை. ஆகவே பின்னாலிருந்து நல்ல கட்டி ஒன்றை, அதுவும் பெரியதாகப் பார்த்து எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினாள்.

தேயோனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இது என்னம்மா?"

"சீஸ் கண்ணு. எங்க இமெரேத்திப் பக்கத்துச் சீஸ். நேத்து ராத்திரி போட்டது."

"உள்ள வைங்க."

"சின்னதா இருக்கா? ரெண்டு தரட்டுமா?"

"அம்மா, இப்ப நீங்க செய்யறதுக்குப் பேரு லஞ்சம். நான் உங்களைக் கைது பண்ணணும். நான் பாக்காத மாதிரி திரும்பிக்கறேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள அது உள்ள போயிருக்கணும்."

உண்மையிலேயே திரும்பிக்கொண்டாள். லாமாராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பாத ஊரில் பிறந்தவள். தன் கட்டியை யாரும் வேண்டாமென்று சொல்லி அவள் கேட்டதேயில்லை.

"ஏன் பாப்பா, என் கை சுத்தமில்லையா? திபிலிசியில எல்லாரும் விரலால பிச்சு எடுத்துத் திங்கறாங்க, உனக்கு எறங்காதா?"

"எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா," என்றாள் தேயோனா, இன்னும் முதுகைக் காட்டியபடி. "அதனாலதான் திரும்பி நிக்கறேன்."

கட்டி உள்ளே போனது. தேயோனா திரும்பி ஒரு சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். "அபராதம் பத்து லரி பணம். முப்பது நாளைக்குள்ள எந்த பேங்குலயும் கட்டலாம். விளக்கை மாத்திடுங்க."

"உன்கிட்டயே குடுத்துடறேனே?"

"நான் கையில வாங்க முடியாது."

"அப்போ இந்தக் காசு யாருக்குப் போகுது?"

அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கடித்தாள். பயிற்சியில் அதற்குப் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. "கஜானாவுக்கு. இந்த ரோட்டுக்கே கூடத் திரும்பி வரலாம். என் சம்பளமும் அங்கிருந்துதான். மாசம் ஒண்ணாம் தேதி டான்னு வந்துடுது."

லாமாரா சீட்டைப் பார்த்தாள். அவள் முழுப் பெயர், வண்டி எண், குற்றம், தொகை, கீழே முத்திரை. இருபது வருஷமாக அவள் இந்தச் சாலையில் கொடுத்திருக்கிறாள். எவனும் அவள் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"இந்தக் குத்தம் நெசமாவே நான் செஞ்சதுதான, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. விளக்கு எரியல."

"எரியல," என்று ஒப்புக்கொண்டாள் லாமாரா. அப்படி ஒப்புக்கொள்வது அவளுக்கு என்னவோ பெரிய மரியாதையாகப் பட்டது.

அன்று மாலை சலியேத்தியில் அந்தச் சீட்டு வீடு வீடாகப் போனது. தபால்காரர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அசல்தான் என்றார். ஜெமால் திராட்சைப் பந்தலுக்கு அடியில் மேசை போட்டான். ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள்: சோள ரொட்டி, அவரைக் குழம்பு, வேகவைத்த கோழி, யார் வீட்டிலோ ஒளித்து வைத்திருந்த ஒரு ஜாடி பழைய ஒயின். ஜெமால் எழுந்து கோப்பையைத் தூக்கினான். வழக்கமாகச் செத்தவர்களுக்கும் தாய்நாட்டுக்கும் கோப்பை தூக்கும் ஊரில் அன்று, முதல் கோப்பை தன் மனைவியின் அபராதத்துக்கு என்றான்.

"இந்த ஊர்ல அபராதம் வாங்கின முதல் ஆள் என் பொண்டாட்டி! அவ நூறு அபராதம் வாங்கி நல்லா இருக்கணும்!"

"வாயக் கழுவு," என்றாள் லாமாரா. எல்லாரும் குடித்தார்கள். ஜுஜுனா சீட்டை முன்னும் பின்னும் நாலு தரம் திருப்பிப் பார்த்தாள். விருந்து முடியும் நேரத்தில் லாமாராவின் காதருகே வந்து, "நாளையிலேர்ந்து பன்னிக்குத் தவிடு போதும்," என்றாள். "பாலை எத்தனை மணிக்குக் கொண்டாரட்டும்?"

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. செப்டம்பரில் ஆறு வீட்டுப் பால், திராட்சை அறுவடைக்குள் பதினான்கு வீட்டுப் பால். லாமாராவின் அடுப்படி போதவில்லை. ஜெமால் கொட்டகையில் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டான். பெரிய பால் தொட்டி, பிழியும் அச்சு, எல்லாம் அவன் கையாலேயே ஆனது. இந்தப் பக்கத்தில் நல்ல அச்சு கிடைக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து கேட்டார்கள். துருக்கியில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஒருவன் திரும்பி வந்து தன் வீட்டுப் பூட்டைத் திறந்து, வைக்கோல் வியாபாரம் தொடங்கினான். மாடு நன்றாகத் தின்றால்தானே பால்?

அக்டோபரில் ஒரு காலை, பேருந்திலிருந்து இறங்கி மேட்டுப் பாதையில் நடந்து வந்தான் ஒருவன். ஒல்லி. தொப்பி இல்லாததால் லாமாராவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, நான்தான். ஏழாவது வளைவு."

பால் கொண்டு வந்திருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஜுஜுனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பாருங்கடி, சேத்துக்கு அபராதம் போட்ட மகராசன் வந்திருக்கார்! என்ன துரை, முக்காலிய விட்டுட்டு வந்துட்டீங்களே!"

அம்புரோஸி தலையைக் குனிந்துகொண்டான். "வேலை கேட்டு வந்தேன் அக்கா. என்ன வேலைன்னாலும் சரி."

லாமாரா கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்தாள். "ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. என் கட்டி எத்தனை தின்னிருப்ப?"

"நல்லதெல்லாம் மேலதான் போகும் அக்கா. எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு உப்புக் கட்டிதான்."

அவள் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. இருபது வருஷக் கோபத்தை மனசுக்குள் தேடினாள். இருந்தது, ஆனால் அவன் குழந்தைகள் மூன்று தண்ணீர் மாற்றிய உப்புக் கட்டியை மென்றுகொண்டிருப்பதும் கூடவே தெரிந்தது. "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வா. வீடு வீடாப் போய்ப் பால் எடுக்கணும். அளவு ஒரு கரண்டி குறைஞ்சாலும் நான் உன்ன விடமாட்டேன். இவளுங்க விட்டாலும் விடமாட்டேன்."

பெண்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு வாரம் அவன் ஊற்றும் ஒவ்வொரு படியையும் கழுகு மாதிரி பார்த்தார்கள். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

மூன்றாவது வாரம் அம்புரோஸி ஒரு காலை விசித்திரமாகச் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் ஒரு ஜாடி. புளிப்புப் பிளம் சட்னி, மேலே மல்லித்தழை மிதந்தது.

"இது என்ன?" என்றாள் லாமாரா.

"எனக்கு வந்தது அக்கா." சிரிப்பை அடக்கப் பார்த்து விக்கினான். "ஜுஜுனா அக்கா பால் தண்ணியா இருக்குன்னு சொன்னேன். உள்ள போய் இதைக் கொண்டாந்து கையில வச்சு, 'தம்பி, நீ அனுபவசாலி, உனக்குத் தெரியாததா'ங்கறாங்க. நான் திரும்பி நின்னுக்கிட்டேன். ஆனா அவங்க முன்பக்கமா வந்து பையில போட்டுட்டாங்க."

லாமாரா ஜாடியோடு நேராக ஜுஜுனா வீட்டுக்குப் போனாள். ஜுஜுனா முற்றத்தில் நின்று கத்தினாள்: அது அன்பளிப்பு, வீட்டுக்கு வந்தவனுக்குச் சட்னி தரக்கூட உரிமை இல்லையா, மழைத் தண்ணீர் குவளையில் விழுந்திருக்கும்.

"ஒரு மாசமா மழையே இல்லடி," என்றாள் லாமாரா.

ஜுஜுனா படியில் உட்கார்ந்துவிட்டாள். "பயமா இருந்துதுடி. இது எத்தனை நாளைக்கு ஓடும்னு யாருக்குத் தெரியும்? ஓடற வரைக்கும் எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

லாமாராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்தாள். ஆனால் அந்தப் பயத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். காலியான சாலையில் புதரையெல்லாம் பார்த்துக்கொண்டு போனவள் அவள்தானே. "நாம எல்லாரும் அப்படி எடுத்தா நாளையோட ஓடாதுடி," என்றாள். "மாரோ ஒரு தடவை கிள்ளித் தின்னா போதும், கண்டுபிடிச்சுடுவா."

அந்த வாரமே குத்தாயிசியிலிருந்து ஜெமால் பாலின் கெட்டியைக் காட்டும் பால்மானி ஒன்று வாங்கி வந்து கொட்டகை வாசலில் வைத்தான். எல்லார் பாலிலும் எல்லார் கண்முன்னால் அது மிதந்து எழுந்தது. கெட்டியான பாலுக்குக் கூடுதல் விலை. முதலில் லாமாரா தன் வீட்டுப் பாலைத்தான் வைத்தாள். அது ஊரிலேயே நாலாவதாக வந்தது. ஊரே அன்று முழுக்க அவளைக் கேலி செய்தது. வெறிபிடித்தவள் போல மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்க ஆரம்பித்த ஜுஜுனா கிறிஸ்துமஸுக்குள் முதலிடத்துக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளோடு பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் பால்மானிதான்.

ஜனவரியில் தவணைக்கு ஒரு வேன் வந்தது. முந்நூறு கட்டி ஏற்றிய முதல் நாள் அம்புரோஸி ஓட்டினான். லாமாரா பக்கத்து இருக்கையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பனி பெய்துகொண்டிருந்தது. சாலையில் பனியை யாரோ முன்கூட்டியே வழித்து வைத்திருந்தார்கள்.

"மெதுவாப் போ. முன்னாடி வளைவு," என்றாள்.

"தெரியும் அக்கா. இதுல எத்தனை வளைவு இருக்குன்னு என்ன விட யாருக்குத் தெரியும்?"

அவள் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். எஞ்சின் சூடு காலில் ஏறியது. அடுத்து அவள் கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. வெளியே சுமைக்காரர்களின் கூச்சல், வறுத்த விதை வாசனை, மாரோவின் குரல்.

"சுரங்கம் வந்துடுச்சா?" என்றாள் பதறிப்போய்.

"திபிலிசியே வந்துடுச்சு அக்கா. ரெண்டு மணி நேரமா குறட்டை விட்டுக்கிட்டு வரீங்க."

"பொய். நான் இந்த ரோட்டுல கண்ண மூடினதே இல்ல."

"இன்னிக்கு மூடிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அம்புரோஸி கட்டிகளை இறக்கப் போனான்.